ஆற்றில் ஆள் இல்லை

இலுப்பைத்துறையில் கடலோரத்து வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்பார்கள். ஆற்றுக்கு ஒரு வாய் உண்டு. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு அதை மூடிவிடும். மாரியில் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் ஏறி வயலுக்குள் வரும். அப்போது ஊர் ஆண்கள் தோணிகளில் போய் மணலை வெட்டி வாயைத் திறப்பார்கள். தண்ணீர் கடலுக்கு இறங்கும். வெள்ளாமை தப்பும். அந்த ஊர் அப்படித்தான் சோறு தின்று வந்தது.

வாயை வெட்டுவதற்கு இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் வட்டை விதானை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்பரப்பு வட்டை. எப்போது விதைப்பது, யாருக்கு முதலில் தண்ணீர் என்று சொல்பவர் அதன் விதானை. மற்றவர் வலைக்காரரின் தலைவர். அவரைத் தண்டயல் என்பார்கள். வாயை முந்தித் திறந்தால் இறால் கடலுக்குப் போய்விடும். பிந்தித் திறந்தால் நெல் அழுகும். ஆகையால் இருவரும் ஒரே மண்வெட்டியில் கைவைத்து முதல் மண்ணை எடுப்பார்கள்.

அதற்கு முன் தண்டயல் கேட்பார்: "ஆத்துக்குள்ள ஆள் இருக்கா?"

விதானை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்: "ஆத்துக்குள்ள ஆள் இல்ல."

ஆற்றில் செத்தவரை எடுத்துப் புதைக்கும்வரை வாய் திறப்பதில்லை. திறந்தால் அவர் கடலுக்குப் போய்விடுவார். கடலுக்குப் போனவருக்கு ஊரில் இடமில்லை. இந்தக் கட்டுப்பாட்டை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மாரியில் கள்ளைக் குடித்துவிட்டு விழுந்த ஒருவனுக்காக ஊர் காத்திருந்தது. அவனை யாருக்கும் பிடிக்காது. மேற்கு வட்டை முழுவதும் அழுகியது. அந்த வருசம் ஊர் மரவள்ளிக்கிழங்கு தின்றது. அவனை வைதுகொண்டே தின்றார்கள். ஆனால் காத்திருந்தது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு மார்கழியில் சாமித்தம்பி விதானையாக இருந்தார். தண்டயல் அழகரத்தினம்.

அந்த வருசம் வட்டையில் பாதிதான் விதைத்திருந்தார்கள். கிழக்குப் பக்கத்து வரவை வயல்கள் இப்றாஹிமுக்கும் றவூப்புக்கும் உரியவை. ஆடிக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. வர முடியாது. ஆடியில் தமிழரும் முஸ்லிம்களும் மோதியதில் இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய வயலில் பன்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. வரம்பில் நடப்பவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

மிச்சப் பாதியில் நெல் குடலையில், கதிர் வெளிவரும் முன், நின்றபோது மழை பிடித்தது. விடவில்லை. தண்ணீர் வரம்பை மூடியது. பிறகு நெல்லின் கழுத்துக்கு வந்தது.

ஆற்றுவாயில் இப்போது இராணுவ முகாம் இருந்தது. சாமித்தம்பியும் அழகரத்தினமும் ஒரு கம்பில் வெள்ளைச் சீலையைக் கட்டிக்கொண்டு தோணியில் போனார்கள். மணல் மூட்டைகளுக்கு முன்னால் மழைக்குள் நிற்கவைத்தார்கள். முகாமின் பெரியவர் வெளியே வந்தார். அவரை மாத்தயா என்றார்கள். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் பக்கத்தில் நின்றான்.

"ஏன் வெட்ட வேணும் எண்டு மாத்தயா கேக்கிறார்."

"வெள்ளாமை தண்ணிக்குள்ள ஐயா."

"அந்தச் சோறு காட்டுக்குள்ள இருக்கிறவனுக்கும் போகும்தானே?"

அழகரத்தினம் சொன்னார்: "சோத்துக்கு ஆளைத் தெரியாது ஐயா. வாய்க்குள்ள போகும்."

சிப்பாய் அதை மொழிபெயர்த்தான். பெரியவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இருபது பேர் வரலாம் என்றார். மண்வெட்டி மட்டும். மத்தியானத்துக்குப் பிறகு மணலில் யார் நின்றாலும் சுடுவோம். வெள்ளியை விட்டால் வேறு நாள் இல்லை.

திரும்பி வரும்போது அழகரத்தினம் கம்பை ஊன்றித் தோணியைத் தாங்கிக்கொண்டே கேட்டார்.

"விதானை, வெள்ளிக்கிழமை நான் கேக்க வேணும்."

"தெரியும்."

"நீ என்ன சொல்லுவாய்?"

சாமித்தம்பி தோணிக்குள் ஏறிய தண்ணீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டிருந்தார்.

இராசதுரை அவருடைய தங்கச்சி இரத்தினம்மாவின் புருசன். முந்தின கிழமை பட்டணத்துக்குப் போய்வரும்போது அக்கரைத் துறையில் வைத்துச் சிப்பாய்கள் பிடித்தார்கள். பன்றிக் காவலுக்கு டோர்ச் வேண்டும் என்று இரண்டு பற்றரி வாங்கி அரிசிக்குள் வைத்திருந்தான். பற்றரி ஆற்றைக் கடக்கக் கூடாது என்பது முகாமின் கட்டளை. பற்றரி வாங்கிவரச் சொன்னவர் சாமித்தம்பி. அன்று அதே துறையில் இன்னும் நாலைந்து பேரை இறக்கி வைத்தார்கள். பின்னேரம் கண்டல் காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பிறகு இரண்டு பேர் மிதந்து வந்தார்கள். இருவரும் ஊர்க்காரர். ஊர் எடுத்துப் புதைத்தது. இராசதுரை வரவில்லை.

இரத்தினம்மா பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. அவர் முகாமில் இருக்கிறார் என்றாள். ஒவ்வொரு காலையும் முகாம் வாசலில் போய் நின்றாள். ஊர்ப் பெண்கள் வந்து, விசர் வேலை பார்க்காதே, எட்டாம் நாளின் எட்டுச் சடங்கைச் செய், அவன் ஆத்துமா அலையும் என்றார்கள். வேலாப்போடியார் எட்டுக்கென்று ஒரு சாக்குத் தேங்காய் அனுப்பினார். அவள் அதைத் திருப்பி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை கோயில் வெளியில் கூட்டம் கூடியது. வேலாப்போடியாருக்குத்தான் வட்டையில் கூடுதலான வயல். அவரே முதலில் பேசினார்.

"ஆத்துக்குள்ள ஆர் இருக்கா? ஒருத்தரும் இல்ல. இராசதுரை முகாமில இருக்கான்."

சிலர் அழகரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சொல்லல்ல. அவன்ட பொஞ்சாதி சொல்லுறாள். அவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

அழகரத்தினம் பீடியை எறிந்தார். "போடியார், போன கிழமை தேங்காய் அனுப்பினது ஆருக்கு?"

சிலர் சிரித்தார்கள்.

"தேங்காய் கறிக்கும் உதவும்," என்றார் போடியார். "மறுகா கேக்கிறன். பிள்ளைகுட்டி எதைத் தின்னுறது? போன போகத்தை ஆமிக்காரன் கொளுத்திப்போட்டான். அரிசி லொறி வராது. இந்த வெள்ளாமையும் போனா இந்த ஊர் எழும்பி எங்க போறது? சொல்லு விதானை."

எல்லாரும் சாமித்தம்பியைப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்குச் சொல்லுறன்," என்றார் அவர்.

மழைக்குள் தங்கச்சி வீட்டுக்குப் போனார். அது தாயின் வீடு. தாய் அதைப் பெண்பிள்ளைக்குக் கொடுத்தாள். அதன் கூரைக் கிடுகை வருசாவருசம் சாமித்தம்பிதான் மாற்றுவார். இரத்தினம்மா அடுப்படியில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளும் சாக்கில் படுத்திருந்தார்கள்.

"இருங்க அண்ண. இப்ப எல்லாரும் அவர் இருக்கார் எண்டு சொல்லுறாங்களாம்."

"ஆர் சொன்ன?"

"இந்த மழைக்குள்ளயும் மூணு பேர் வந்துட்டாங்க. பொட்டு வடிவா இருக்காம்." அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். "நீங்க என்ன சொல்லுறீங்க?"

"நீதானே சொன்னாய், இருக்கார் எண்டு."

"ஓம், சொன்னன்."

"அப்ப?"

"அவர் ஆத்துக்குள்ள."

சாமித்தம்பி அவள் முகத்தைப் பார்த்தார். அழுகை இல்லை.

"எட்டைச் செய்தா நீங்க எல்லாரும் தேடுறதை விட்டிருவீங்க. வலைக்காரர் பார்க்க மாட்டாங்க. நான் பொட்டோட நிண்டா வலையைத் தூக்கக்குள்ள ஒருக்காவெண்டாலும் பார்ப்பாங்க. அதுக்குத்தான் சொன்னன்." விறகு புகைந்தது. அவள் ஊதினாள். "முகாம் வாசலில போய் நிண்டதும் அதுக்குத்தான். அங்கருந்து பார்த்தா ஆறு முழுக்கத் தெரியும்."

"இரத்தினம், வெள்ளியை விட்டா விடமாட்டான்."

"வெள்ளிக்கு எவ்வளவு கிடக்கு?"

"ரெண்டு பகல்."

"அப்ப தேடுங்க."

தேடினார்கள். அழகரத்தினம் ஏழு தோணியை இறக்கினார். கண்டல் வேர்களுக்குள் கம்பால் குத்திப் பார்த்தார்கள். சம்புப் புல்லை விலக்கிப் பார்த்தார்கள். ஆறு ஓடாமல் நிற்கிறபோது மிதப்பவை காற்றோடு போகும். மார்கழியில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். ஆகையால் தெற்கே தேட வேண்டும் என்றார் அழகரத்தினம். தெற்கே போனவர்களை முகாம் தோணி மறித்துத் திருப்பி அனுப்பியது. இருந்த இடத்திலேயே திரும்பத் திரும்பத் தேடினார்கள்.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. நெல்லின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

வியாழன் மத்தியானம் சம்புக்குள் ஓர் உடல் இருந்தது. ஆண். துறையில் ஓலைமேல் கிடத்தினார்கள். முகம் இல்லை. மேல்சட்டையில் பாதி இருந்தது. இடுப்பில் சாரம் இல்லை. ஊர் சுற்றி நின்றது. எல்லாரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

"உயரம் சரி," என்றார் வேலாப்போடியார். "நிறமும் அவன்தான்."

"தண்ணிக்குள்ள கிடந்தா எல்லாரும் ஒரே நிறம்தான்," என்றார் அழகரத்தினம்.

சாமித்தம்பி பக்கத்தில் குந்தினார். காதில் கடுக்கன் போட்ட துளை இருந்தது. இராசதுரைக்குக் காது குத்தவில்லை. அவனுக்குக் குத்த நாள் வைத்திருந்தபோது வீட்டில் செத்தவீடு வந்தது. அதற்குப் பிறகு யாரும் நினைக்கவில்லை. கல்யாணத்தன்று அதைச் சொல்லிப் பெண்கள் பகடி பண்ணினார்கள். சாமித்தம்பி நிமிர்ந்தார். அழகரத்தினமும் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரத்தினத்துக்குச் சொல்லியாச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் வந்துகொண்டிருந்தாள். கூட்டம் விலகியது. அவள் மூக்கைப் பொத்தவில்லை. கால்மாட்டில் நின்றாள். காலிலிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனாள். கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். பிறகு தலைமாட்டுக்குப் போய்க் குந்தினாள். நனைந்து ஒட்டியிருந்த மயிரை விரலால் எடுத்து அந்தக் காதின்மேல் இழுத்துவிட்டாள்.

"அவர்தான்," என்றாள்.

பெண்கள் குரல் எடுத்தார்கள். போடியார் ஆட்களைக் கூப்பிட்டுப் பலகை எடுத்துவரச் சொன்னார். ஒரு நாழிகைக்குள் பெட்டி வந்தது. அந்தக் காலத்தில் ஊரில் பலகை ஆயத்தமாக இருந்தது. பொழுது சாயும் முன் சவக்காலையில் புதைத்தார்கள். குழிக்குள் தண்ணீர் ஊறியது. இரண்டு பேர் வாளியால் இறைக்க இறைக்கப் பெட்டியை இறக்கினார்கள். அது மிதக்கப் பார்த்தது. ஒருவன் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். இராசதுரையின் பேரைச் சொல்லி மண் போட்டார்கள்.

வீட்டில் இரத்தினம்மாவின் பொட்டை அழித்தார்கள். தாலியைக் கழற்றினார்கள். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். பெண்கள் போன பிறகு சாமித்தம்பி உள்ளே வந்தார்.

"ஏன்?"

"நாளைக்குத் தண்டயல் கேப்பார். நீங்க என்ன சொல்லுவீங்க?"

"தெரியா."

"இல்ல எண்டுதான் சொல்லுவீங்க."

அவர் மறுக்கவில்லை.

"ஊரைப் பார்த்து நீங்க பொய் சொல்லி அவர் கடலுக்குப் போறதை விட, நான் அனுப்பினதா இருக்கட்டும்." அவள் வெறுங் கழுத்தைத் தடவினாள். "அந்த ஆளுக்கும் அழ ஆள் கிடைச்சுது. போங்க அண்ண. காலையில வேலை கிடக்கு."

வெள்ளிக்கிழமை மழை இல்லை. இருபது பேர் போனார்கள். முகாமில் பெயரைக் கேட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, மண்வெட்டிப் பிடிகளைத் தட்டிப் பார்த்து விட்டார்கள். ஒருபக்கம் ஆறு, ஒருபக்கம் கடல். நடுவில் மணல், முதலையின் முதுகு போல. சிப்பாய்கள் மூட்டைகளின்மேல் இருந்து பார்த்தார்கள்.

அழகரத்தினம் மண்வெட்டியைப் பிடித்தார். சாமித்தம்பி அவர் கைமேல் கையை வைத்தார்.

"ஆத்துக்குள்ள ஆள் இருக்கா?"

அவர் சாமித்தம்பியைப் பார்த்துக் கேட்கவில்லை. கடலைப் பார்த்துக் கேட்டார்.

"ஆத்துக்குள்ள ஆள் இல்ல."

மண்வெட்டி விழுந்தது.

இடுப்பளவு ஆழத்தில் ஒரு வாய்க்காலை வெட்டினார்கள். ஆற்றுத் தண்ணீர் முதலில் விரலளவாக வந்தது. பிறகு தானே மணலை அரித்துக்கொண்டது. கரைகள் இடிந்து விழுந்தன. இருபது பேரும் பின்னால் ஓடினார்கள். ஆறு கபில நிறத்தில் கடலுக்குள் பாய்ந்தது. அதோடு மிதக்கும் ஆற்றுவாழைச் செடியும் தென்னமட்டையும் வயிறு ஊதின ஒரு மாடும் போயின. ஒற்றைச் செருப்புகள் போயின. பிறகு வேறும் சில போயின. மூட்டையின்மேல் இருந்த சிப்பாய் ஒருவன் விரல் நீட்டி எதையோ மற்றவனுக்குக் காட்டினான். இலுப்பைத்துறையார் மண்வெட்டிகளைக் கழுவுவதற்கென்று குனிந்து நின்றார்கள். சாமித்தம்பி மட்டும் பார்த்தார். தண்ணீர் விரைவாக ஓடியது. எதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

நெல் தப்பியது. பாதி சேறு படிந்து கிடந்தது, மீதி நிமிர்ந்தது. மாசியில் வெட்டுத் தொடங்கினார்கள். அந்த வெட்டில் யாரும் பாடவில்லை. வேலாப்போடியார் இரத்தினம்மாவுக்கென்று ஒரு மூட்டை நெல்லை ஒதுக்கிவைத்தார். அதைச் சாமித்தம்பி தோளில் கொண்டுபோய் அவள் வீட்டில் இறக்கியபோது, வாசல் படலையடியில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். காலில் முழங்கால்வரை சேறு. கையில் ஒரு குடையும் சீலைப் பையும்.

"இரத்தினம்மா வீடு இதா?"

"ஓம். ஆர்?"

"சீதேவிப்பிள்ளை. மண்டூருக்கு அங்கால." அவள் உள்ளே வராமல் பேசினாள். "என்ட புருசன் தம்பிமுத்து. மார்கழியில ஆசுபத்திரிக்கு மருந்தெடுக்கப் போனவர். உங்கட முன்னுக்கு இருக்கிற துறையில இறக்கினதைக் கண்டவங்க இருக்காங்க. இஞ்ச ஒரு ஆளை எடுத்துப் புதைச்சதாச் சொன்னாங்க."

இரத்தினம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவளுடைய வெறும் நெற்றியைச் சீதேவிப்பிள்ளை பார்த்தாள். சீதேவிப்பிள்ளையின் நெற்றியில் பொட்டு இருந்தது.

சாமித்தம்பி முந்திக்கொண்டார். "அது எங்கட மச்சான், தங்கச்சி. இவவின்ட புருசன்."

"வடிவாத் தெரியுமா?"

"ஓம்."

சீதேவிப்பிள்ளையின் தோள் இறங்கியது. அவள் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உடனே வாயைப் பொத்தினாள்.

"குறை நினைக்காதீங்க அக்கா. உங்கட துக்கத்தில சிரிச்சிட்டன். அப்ப அவர் எங்கயோ இருக்கார். பூசாத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனதாவும் ஒரு கதை. அங்க போக வேணும். கையில இருந்த ரெண்டு காப்பையும் வித்துட்டன். தண்ணி கொஞ்சம் தருவீங்களா?"

இரத்தினம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவள் அண்ணாந்து குடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். குடையை எடுத்தாள்.

"வாறன் அக்கா."

"தங்கச்சி," என்றாள் இரத்தினம்மா. "அவர் கடுக்கன் போட்டவரா?"

"இரத்தினம்!" என்றார் சாமித்தம்பி.

"போட்டவர்தான். அடகு வைச்சு ரெண்டு வருசம். ஏன் அக்கா?"

இரத்தினம்மா செம்பை நிலத்தில் வைத்தாள். சீதேவிப்பிள்ளை அவளையும் சாமித்தம்பியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு குடை கீழே விழுந்தது.

மூவரும் சவக்காலைக்குப் போனார்கள். புதுமண் தாழ்ந்து, மேலே அறுகு படர்ந்திருந்தது. சீதேவிப்பிள்ளை முதலில் நின்று அழுதாள். பிறகு இருந்து அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"என்ன பேர் சொல்லிப் புதைச்சீங்க?"

"இராசதுரை."

"பெட்டியிலயா?"

"பெட்டியிலதான்," என்றாள் இரத்தினம்மா. "குளிப்பாட்டேலாது. புதுவேட்டி போட்டம். நான் வாய்க்கரிசி போட்டன். பிள்ளை பால் ஊத்தினான். எட்டும் முப்பத்தொண்டும் செய்தம்."

சீதேவிப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். தன் பொட்டைத் தானே தேய்த்து அழித்தாள். அது முழுதாகப் போகவில்லை. நெற்றியில் சிவப்பாக இழுபட்டு நின்றது.

"அப்ப உங்கட ஆள்?"

"ஆத்துவாயை வெட்டினம். கடலுக்குப் போயிருப்பார்."

சீதேவிப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப வெட்டினீங்க?"

"பிடிச்ச கிழமைக்கு அடுத்த வெள்ளி."

"அக்கா, எங்கட ஊர்க்கரையில ரெண்டு பேர் ஒதுங்கினாங்க. அதுக்கு முந்தி. தண்ணி ஏறி நிண்ட நேரம். ஊராக்கள் இல்ல. ஆரெண்டு தெரியா. நாங்க எடுத்துக் குழி வெட்டித் தாட்டம். எனக்கு அந்த இடம் தெரியும்."

இரத்தினம்மா எழும்பினாள். "என்ன உடுப்பு?"

"நான் பார்க்கல்ல. தாட்ட ஆக்கள் இருக்காங்க. கேக்கலாம். உடுப்பில ஒரு துண்டு வெட்டி வைச்சிருக்காங்க, ஆரும் தேடி வந்தாக் காட்ட எண்டு."

"இப்ப வெளிக்கிட்டா எப்ப போகலாம்?"

"நடந்தாப் பொழுதுபட."

சாமித்தம்பி இருவருக்கும் நடுவில் வந்தார்.

"இரத்தினம், கொஞ்சம் கேளு. அது அவரா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? எட்டுச் செய்தாச்சு. நான் ஆத்துவாயில நிண்டு சொன்னது ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? அறுவடை முடியட்டும்."

"நீங்க சொன்னது நீங்க சொன்னது அண்ண. நான் போய்ப் பார்க்கிறன்."

"அங்க இருக்கிறது அவர் இல்லாட்டி?"

"இல்லாட்டி அது இன்னொருத்தியின்ட ஆள்."

தெற்கே போகும் தெருவுக்கு வட்டையைக் கடந்துதான் போக வேண்டும். இரண்டு பெண்களும் நடுவரம்பில் ஏறினார்கள். இரத்தினம்மா முன்னால் நடந்தாள். சாமித்தம்பி சற்றுப் பின்னால் வந்தார். வரம்பின் இரண்டு பக்கமும் வெட்டுக்காரர் நின்றார்கள். வேலாப்போடியார் குடையோடு வரம்பில் நின்றார். அழகரத்தினத்தின் ஆட்களும் அன்று கூலிக்கு வந்திருந்தார்கள். ஆற்றில் இறால் இல்லை.

"இரத்தினம், நெல்லு வந்துதா?" என்றார் போடியார். "எங்க போறாய் மகள் இந்த வெயிலுக்குள்ள?"

"என்ட புருசன் மண்டூர்ப் பக்கம் தாட்டுக் கிடக்காராம். பார்த்துட்டு வாறன்."

அவள் நிற்கவில்லை. சீதேவிப்பிள்ளையும் நிற்கவில்லை. போடியார் வரம்பிலிருந்து இறங்கி அவர்களுக்கு வழிவிட்டார். அவருடைய கால் சேற்றில் புதைந்தது.

அரிவாள்கள் ஓய்ந்தன. ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள்.

"என்ன விதானை சொல்லுறாள் இவள்?" என்றார் போடியார். "அப்ப அண்டைக்கு நாம புதைச்சது ஆரை?"

"பின்னால போறாவே, அவவின்ட புருசனை."

"நீ தெரிஞ்சா செய்தாய்?"

"ஓம்."

"ஆத்துவாயில?"

"பொய்தான் சொன்னன்."

அவர் அதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனால் வயலில் சத்தம் இல்லாததால் கடைசி ஆள்வரை கேட்டது. பெண்கள் சிலர் கையிலிருந்த கதிர்க்கட்டைக் கீழே வைத்தார்கள். அழகரத்தினத்தின் ஆட்களில் ஒருவன் துப்பினான். யாரை நோக்கித் துப்பினான் என்று சொல்ல முடியாது. வேலாப்போடியார் வெட்டிக் கிடந்த நெல் உப்பட்டிகளைப் பார்த்தார். பிறகு மேற்கே வானத்தைப் பார்த்தார். அங்கே கருத்திருந்தது.

"இனி விதானையா நிக்கேலாது நீ," என்றார்.

"தெரியும்."

"எங்களுக்கும் தெரிஞ்சது எண்டு வெளிய சொல்லாத." அவர் காலைச் சேற்றிலிருந்து இழுத்தார். "என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க? மழை வரப்போகுது. வெட்டுங்க."

முதலில் ஒருவன் குனிந்தான். அடுத்து அவன் பக்கத்தில் நின்றவள் குனிந்தாள்.

சாமித்தம்பி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். பெண்கள் தெருவில் ஏறிவிட்டார்கள். அவர் வரம்பில் வேகமாக நடந்தார். நானும் வாறன் என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவர்கள் திரும்பவில்லை. அவர் ஓடத் தொடங்கினார்.